ரவையிலிருந்து தொடங்குவோம்: கிரௌஸ் வேட்டைக்கு எடை குறைந்த ஷாட்கன்

அமெரிக்காவின் வட மின்னசோட்டாவில் ரஃப்ட் கிரௌஸ் பறவைக்கான வேட்டைப் பருவம் செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரித் தொடக்கம் வரை நீள்கிறது. கவுதாரிக்கும் காட்டுக்கோழிக்கும் உறவான, அரைக் கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ள இப்பறவை, வெட்டப்பட்ட ஆஸ்பென் மரங்களின் வேர்களிலிருந்து மறுபடியும் நெருக்கமாக முளைத்தெழும் இளங்காட்டையே விரும்பி வாழ்கிறது. மணிக்கட்டுப் பருமனுள்ள தண்டுகள் கைக்கெட்டும் இடைவெளியில் நிற்கும் அந்தக் காட்டில், ஒரு கையால் கிளையை விலக்கியபடி மறு கையில் துப்பாக்கியைத் தாங்கிக்கொண்டு பல மைல் நடக்க வேண்டியிருக்கும். பறவை படபடவென்று எழும்பினால், அது மரங்களுக்கிடையே மறைவதற்குள் நமக்குக் கிடைப்பது ஒரு நொடி, அல்லது அதைவிடச் சிறிதளவு கூடுதலான நேரம். ஈரத் தரையில் மண்புழு தேடித் திரியும் வுட்காக், அதாவது உள்ளான் குடும்பத்தைச் சேர்ந்த நீள்மூக்குப் பறவை, இன்னும் நெருக்கத்தில் எழும்பும். நாள் முழுவதும் சுமந்து திரிந்து சில தடவை மட்டுமே சுடுகிற இந்த வேட்டைக்கு ஏற்ற துப்பாக்கி எது என்பதுதான் இங்கே குடியேறிய தமிழ் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இத்தகைய வேட்டைக்கு இடமில்லை என்பதால், அவர்களில் பெரும்பாலோர் துப்பாக்கியைக் கையில் எடுப்பதே இந்நாட்டுக்கு வந்த பிறகுதான்.

கடைக்குப் போகிறவர் வழக்கமாக முதலில் கேட்பது கேஜை, அதாவது குழலின் அளவை. 12 வேண்டாம், கனம் அதிகம்; 20 எடுக்கலாமா, 28 எடுக்கலாமா என்று பேச்சு தொடங்கும். இந்த வரிசையே தலைகீழானது என்பது என் கருத்து. எவ்வளவு ரவையை, அதாவது ஷாட்கன் தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகளை, எவ்வளவு தூரத்துக்கு அனுப்பப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால், துப்பாக்கியின் எடை அதிலிருந்து கிடைக்கும். கேஜ் அதற்கும் பின்னால் தானாக வந்து நிற்கும்.

கேஜ் என்பது பழைய கணக்கு. ஒரு பவுண்டு ஈயத்தைச் சம எடையுள்ள எத்தனை உருண்டைகளாக்கினால் ஒவ்வொன்றும் குழலின் உட்புறத்தில் சரியாகப் பொருந்துமோ, அந்த எண்ணிக்கையே கேஜ். ஆகவே எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும்: 12 கேஜ் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர், 16 கேஜுக்கு 16.8, 20 கேஜுக்கு 15.6, 28 கேஜுக்கு 14. இவற்றுக்கு அடுத்து வரும் .410 மட்டும் கேஜ் கணக்கில் சேராது. அது அங்குலத்தில் குறிக்கப்படும் நேரடி விட்டம். மேட்டுநிலப் பறவைகளுக்கான வழக்கமான தோட்டாவில் 12 கேஜ் இன்னும் அதிகமாகவும் ஏற்கும் என்றாலும் இயல்பாக 1⅛ அவுன்ஸ் ரவையையும், 16 கேஜ் ஒரு அவுன்ஸையும், 20 கேஜ் ⅞ அவுன்ஸையும், 28 கேஜ் ¾ அவுன்ஸையும், இரண்டரை அங்குல .410 தோட்டா அரை அவுன்ஸையும் சுமக்கும்.

சிறிய கேஜைப் பற்றிப் பரவலாக நிலவும் ஒரு தவறான எண்ணத்தை இங்கேயே விலக்கிவிட வேண்டும். குழல் சிறியதாக இருப்பதால் ரவை விழும் வட்டமும் சிறியதாக இருக்கும், ஆகவே குறி இன்னும் துல்லியமாக இருக்க வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். வட்டத்தின் அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் குழல் முனையின் இறுக்கம், அதாவது சோக். கேஜுக்கு அதில் பங்கு குறைவு. 20 கஜத் தொலைவில், இறுக்கமே இல்லாத சிலிண்டர் சோக் ஏறத்தாழ 32 அங்குல வட்டத்தையும், சற்றே இறுகிய இம்ப்ரூவ்டு சிலிண்டர் 26 அங்குல வட்டத்தையும், இன்னும் இறுகிய மாடிஃபைடு 20 அங்குல வட்டத்தையும் தருகிறது. 12 கேஜானாலும் 28 கேஜானாலும் இந்த அளவுகள் கிட்டத்தட்ட அதேதான். மாறுவது அந்த வட்டத்துக்குள் விழும் ரவைகளின் நெருக்கம்.

எண் 7½ என்ற பருமனுள்ள ஈய ரவை ஒரு அவுன்ஸில் சுமார் 350 இருக்கும். அப்படியானால் 20 கேஜின் ⅞ அவுன்ஸில் ஏறத்தாழ 306, 28 கேஜின் ¾ அவுன்ஸில் 262, .410இன் அரை அவுன்ஸில் 175. இம்ப்ரூவ்டு சிலிண்டர் சோக்கில் 20 கஜத்தில் விழும் 26 அங்குல வட்டத்தின் பரப்பு சுமார் 530 சதுர அங்குலம் என்பதால், 28 கேஜில் சராசரியாக இரண்டு சதுர அங்குலத்துக்கு ஒரு ரவை என்றாகிறது. அதே சோக் 30 கஜத்தில் 38 அங்குலம் வரை விரிந்துவிடும். அப்போது 20 கேஜில் மூன்றே முக்கால் சதுர அங்குலத்துக்கு ஒன்று, 28 கேஜில் நாலேகாலுக்கு ஒன்று,.410இல் ஆறரைக்கு ஒன்று. ரவைகள் வட்டம் முழுவதும் சீராக விழுவதில்லை, நடுவில் அடர்ந்தும் ஓரத்தில் மெலிந்தும் விழும் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், முப்பது கஜத்தில் .410இன் ஓரங்களை நம்பிச் சுடுவது அடிபட்ட பறவையைப் புதருக்குள் ஓடவிடுவதற்குச் சமம். 20 கேஜுக்கும் 28 கேஜுக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவு பெரியதல்ல என்பதும் இதே கணக்கிலிருந்து தெரிகிறது. ஆஸ்பென் காட்டில் பெரும்பாலான சூடுகள் 15 முதல் 25 கஜத்துக்குள் முடிந்துவிடுவதால், ¾ அவுன்ஸ் போதும். ⅞ அவுன்ஸ் தாராளம். அதற்கு மேல் உள்ள ஒவ்வொரு கிராமும் இலையிலும் மரப்பட்டையிலும்தான் போய்ச் சேருகிறது.

28 கேஜை நேசிப்பவர்கள் இந்த எளிய விளக்கத்தோடு நிற்பதில்லை. அதன் தோட்டாவில் ரவை அடுக்கின் உயரமும் குழலின் விட்டமும் சமமாக இருப்பதால் ரவைகள் நசுங்காமல் ஒரே கொத்தாகச் செல்கின்றன என்பார்கள். காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ரவைகளுக்கிடையேயான வெற்றிடத்தையும் கணக்கில் எடுத்தால், 21 கிராம் ஈய ரவை 14 மில்லிமீட்டர் குழலில் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும். விட்டத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 1⅛ அவுன்ஸ் ரவையோடு 12 கேஜ்தான் அந்தச் சமநிலைக்கு மிக அருகில் வருகிறது. .410இல் அடுக்கின் உயரம் விட்டத்தைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். அடியில் உள்ள ரவைகள் நசுங்கித் திசை மாறுவதற்கும் வட்டம் ஒழுங்கற்றுப் போவதற்கும் இது ஒரு காரணம். 28 கேஜ் நன்றாகச் சுடுகிறது என்பதில் எனக்கு மறுப்பில்லை. தன் அளவுக்கு மீறிய ரவையைத் திணிக்காமல் மிதமான வேகத்தில் அனுப்புவதே அதன் சிறப்புக்குப் போதுமான காரணம். மாயம் எதையும் சேர்க்கத் தேவையில்லை. அண்மை ஆண்டுகளில் இத்தாலியத் துப்பாக்கி நிறுவனமான பெனெல்லி முன்வைத்த மூன்று அங்குல 28 கேஜ் தோட்டாவில் ஒரு அவுன்ஸ் வரை ரவை அடைக்கிறார்கள். அவ்வளவு வேண்டுமென்றால் 20 கேஜையே எடுத்துக்கொள்ளலாமே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இனி எடை. பர்மிங்காமின் துப்பாக்கித் தொழிலர் டபிள்யூ. டபிள்யூ. கிரீனரின் பெயரால் வழங்கும் ஒரு பழைய விதி உண்டு: துப்பாக்கியின் எடை அது வீசும் ரவையின் எடையைப் போல் 96 மடங்காவது இருக்க வேண்டும். அதன்படி 1⅛ அவுன்ஸுக்கு 6.75 பவுண்டு, ஒரு அவுன்ஸுக்கு 6 பவுண்டு, ⅞ அவுன்ஸுக்கு 5.25 பவுண்டு, ¾ அவுன்ஸுக்கு 4.5 பவுண்டு. கிலோவில் சொன்னால் முறையே சுமார் 3.1, 2.7, 2.4, 2. இது இயற்கை விதியல்ல, தோளின் பொறுமையைப் பற்றிய அனுபவக் கணக்கு. இருந்தாலும் இதன் பின்னால் எளிய இயற்பியல் இருக்கிறது. ஒரே தோட்டாவைச் சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும் ஆற்றல் அதன் எடைக்கு எதிர்விகிதத்தில் அமையும், 7.5 பவுண்டுத் துப்பாக்கியில் சுட்ட தோட்டாவை 6 பவுண்டுத் துப்பாக்கியில் சுட்டால் உதை கால் பங்கு கூடும். பெனெல்லியின் அல்ட்ரா லைட் 12 கேஜ் சுமார் 6.1 பவுண்டுதான், அதைச் சுமப்பது இன்பம், கனத்த தோட்டாவை அதில் போட்டுச் சுடுவது அப்படியல்ல. எடையைக் குறைக்க விரும்புகிறவர் ரவையையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். சிறிய கேஜுக்கான உண்மையான நியாயம் இதுதான்.

அப்படியானால் எடை குறையக் குறைய நல்லதா? 96 மடங்கு விதிப்படி 28 கேஜ் துப்பாக்கி நாலரைப் பவுண்டு இருந்தால் போதும். ஆனால் நாலரைப் பவுண்டுத் துப்பாக்கியால் பறக்கும் பறவையை ஒழுங்காகத் தொடர்ந்து சுடுவது கடினம். உதையைத் தாங்கும் எடை வேறு, கை அசைவைச் சீராக்கும் எடை வேறு. மிக லேசான துப்பாக்கி தோளுக்கு விருட்டென்று வந்துவிடும். அதே விரைவில் நின்றும்விடும். பறவைக்கு முன்னால் சென்றுகொண்டே இருக்க வேண்டிய குழல், விசையை அழுத்தும் கணத்தில் தயங்கி நின்றால், ரவை முழுவதும் வாலுக்குப் பின்னால் போகும். கனமான துப்பாக்கி தன் உந்தத்தாலேயே நகர்ந்துகொண்டிருக்கும். லேசான துப்பாக்கியை நாமே நகர்த்திக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே ஐந்தரை முதல் ஆறேகால் பவுண்டு வரை, அதாவது இரண்டரைக் கிலோவிலிருந்து இரண்டே முக்கால் கிலோவுக்குச் சற்று மேல் வரை என்பதே இந்த வேட்டைக்கு நான் பரிந்துரைக்கும் வரம்பு. மெலிந்த உடல்வாகு உடையவர் கீழ் எல்லையிலும், தோள் வலு உள்ளவர் மேல் எல்லையிலும் நிற்கலாம். இவ்வளவு லேசான துப்பாக்கியில் 26 அங்குலக் குழலைவிட 28 அங்குலக் குழல் மேலானது. முன்பக்கம் கூடும் சிறிது எடை அசைவை நிலைநிறுத்தும். கிளையில் மாட்டும் என்பார்கள். இரண்டு அங்குலத்தால் மாட்டிய கிளையை நான் பார்த்ததில்லை.

எடை எங்கே குறைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ரிசீவர் எனப்படும் நடுப்பகுதி எஃகுக்குப் பதில் அலுமினியக் கலப்பில் இருந்தால், குறைந்த எடை முழுவதும் இரண்டு கைகளுக்கிடையே குறைந்திருக்கும். குழலின் பக்கம் ஒப்பீட்டளவில் கனமாக இருப்பதால் அசைவு கெடாது. தோள்கட்டையைக் குடைந்து எடை குறைத்தால் முன்பக்கம் தாழும். குழலை மெலித்திருந்தால் துப்பாக்கி கையில் துள்ளும். தராசில் ஒரே எடை காட்டும் இரண்டு துப்பாக்கிகள் கையில் முற்றிலும் வேறாக உணரப்படுவதற்கு இதுவே காரணம்.

28 கேஜ் வாங்குகிறவர் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதன் சட்டகம், அதாவது ரிசீவர், 28 கேஜுக்கென்றே சிறிதாக்கிச் செய்யப்பட்டதா, 20 கேஜ் சட்டகத்தில் 28 கேஜ் குழல் பொருத்தப்பட்டதா? பிரௌனிங் நிறுவனத்தின் சிட்டோரி என்ற மேல்கீழ் இரட்டைக்குழல் துப்பாக்கி இரண்டாம் வகை. குழலின் வெளிப்பருமன் அதிகம் மாறாமல் உள்துளை மட்டும் சிறுக்கும்போது உலோகம் கூடுகிறது. இதனால் 28 கேஜ் வடிவம் அதன் 20 கேஜ் உடன்பிறப்பைவிடச் சற்றுக் கனமாகக்கூட அமைந்துவிடும். களிமண் தட்டுச் சுடும் மைதானத்தில் அது நல்ல குணமே. எடையைக் குறைப்பதற்காகக் கூடுதல் பணம் கொடுத்து 28 கேஜ் வாங்குகிறவருக்கு அது வீண் செலவு.

துப்பாக்கியின் அமைப்பு வகையில் எனக்குச் சார்பு உண்டு, மறைக்கவில்லை. பக்கவாட்டில் இரட்டைக்குழல் உள்ளதும், ஒவ்வொரு குழலுக்கும் தனி விசை உள்ளதுமான பழைய பாணித் துப்பாக்கியே கிரௌஸ் காட்டுக்கு மிகப் பொருத்தமானது. காலடியில் எழும்பிய பறவைக்கு முன் விசை, அகன்ற வட்டம் தரும் குழல். தொலைவில் எழும்பியதற்குப் பின் விசை, இறுகிய குழல். யோசிக்க நேரமில்லாத இடத்தில் விரலே முடிவு செய்துவிடும். திறந்துவிட்டால் சுட முடியாது என்பது எதிரில் நிற்பவருக்கும் கண்ணால் தெரியும். விழுந்த மரத்தையோ முள்வேலியையோ தாண்டும்போது அது பெரிய நிம்மதி. மேல்கீழ் இரட்டைக்குழலிலும் இந்த நன்மைகளில் பெரும்பகுதி கிடைக்கும். அரைத் தானியங்கிகளில் பெனெல்லி அல்ட்ரா லைட்டின் 20 கேஜ் சுமார் 5.2 பவுண்டு, ஃபிராங்கி 48 ஏஎல் ஐந்தரைப் பவுண்டை ஒட்டியது. முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் பம்ப் வகையில் இதாக்கா 37 பழைய கடைகளில் இன்னும் கிடைக்கிறது. காலித் தோட்டா அடிப்பக்கமாக விழுவதால் இடதுகைப் பழக்கமுள்ளவர்களுக்கும் அது தொல்லை தராது. வுட்காக் வலசைப் பறவை என்பதால், அதைச் சுடும்போது துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி அடைப்பு போடுவது கூட்டரசு விதி. இரட்டைக்குழலுக்கு அந்தக் கவலையே இல்லை.

வீட்டில் இரண்டு கேஜ் துப்பாக்கிகள் சேரும்போது ஓர் ஆபத்தும் கூடவே வருகிறது. 20 கேஜ் தோட்டாவைத் தவறுதலாக 12 கேஜ் குழலில் போட்டால் அது கீழே விழுந்துவிடாது. சில அங்குலம் உள்ளே சென்று, அடிவிளிம்பு சிக்கி, வெளியே தெரியாமல் நின்றுவிடும். குழல் காலியாக இருக்கிறது என்று நினைத்து அதன் பின்னால் 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். குழலைத் தாங்கிய கை அந்த இடத்தில்தான் இருக்கும். 20 கேஜ் தோட்டாக்கள் மஞ்சள் நிறத்தில் வருவதன் காரணம் இதுவே. 20 கேஜ் குழலுக்குள் 28 கேஜ் தோட்டா நுழைந்தாலும் அதே கதைதான், ஆனால் 28 கேஜுக்கு அப்படியொரு தனி நிறம் கிடையாது. போன பருவத்து மேலங்கியின் பைகளைக் கவிழ்த்து உதறாமல் புதுத் தோட்டாவை அதில் போடக்கூடாது என்று என் வீட்டில் ஒரு சட்டம் வைத்திருக்கிறேன்.

கடையில் துப்பாக்கியைக் கையில் வாங்கியதும், அது காலி என்பதைக் கடைக்காரர் முன்னிலையில் திறந்து பார்த்துவிட்டு, சுவரின் மூலையில் ஒரு புள்ளியைத் தேர்ந்துகொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றி, கன்னத்தைக் கட்டையில் பதித்து, பிறகு கண்ணைத் திறங்கள். குழலின் மேற்பட்டை ஒரு கோடாகவும், முனை மணி அந்தப் புள்ளியிலும் தெரிந்தால் கட்டை உங்களுக்குப் பொருந்துகிறது. பட்டையின் முழு நீளமும் சாலை போல விரிந்து தெரிந்தால் கட்டை உயரம். பூட்டுப்பகுதி கண்ணை மறைத்தால் தாழ்வு. அமெரிக்கத் துப்பாக்கிகள் பலவற்றில் விசைக்கும் கட்டையின் அடிக்கும் இடையே 14¼ முதல் 14½ அங்குலம் வரை நீளம் இருக்கும். ஐந்தரை அடி உயரமுள்ள நம்மவருக்கு, அதுவும் அக்டோபர் குளிரில் கனத்த மேலங்கி போட்டுக்கொண்டால், அது அக்குளில் மாட்டும். துப்பாக்கித் தச்சரிடம் கொடுத்து அரை அங்குலம் அறுத்துக்கொள்வது பெரிய செலவல்ல. ஆகவே கடையில் சோதிக்கும்போதே வேட்டைக்குரிய மேலங்கியை எடுத்துச் சென்று போட்டுப் பாருங்கள். கோடை மாதத்தில் கடைக்காரர் சிரித்தாலும் பாதகமில்லை.

தோட்டா கிடைக்கிறதா என்பதைத் துப்பாக்கிக்கு முன்பே விசாரிக்க வேண்டும். சிற்றூர்க் கடைகளில் 12 கேஜும் 20 கேஜும் எப்போதும் இருக்கும். 16 கேஜும் 28 கேஜும் இருந்தால் உண்டு, விலையும் கூடுதல். ஈயத்துக்கு மாற்றான ரவை கட்டாயமாகும் இடங்களில் சிறு கேஜின் நெருக்கடி இன்னும் தெளிவாகத் தெரியும். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயம் தடை. கூட்டரசின் நீர்ப்பறவை வளர்ப்புப் பகுதிகளிலும் ஈயமற்ற ரவைதான் அனுமதி. மாற்றாக வழக்கமாகப் பயன்படும் எஃகின் அடர்த்தி ஈயத்தைவிட ஏறக்குறைய முப்பது விழுக்காடு குறைவு என்பதால் பருமனான ரவை வேண்டும். பருமனான ரவை சிறிய தோட்டாவுக்குள் குறைவாகவே அடங்கும். பிஸ்மத் என்ற உலோக ரவை அடர்த்தியில் ஈயத்துக்கு நெருங்கி வரும், பழைய மெல்லிய குழல்களுக்கும் தீங்கு செய்யாது, ஆனால் விலை உறுத்தும். இந்த ஒரு காரணத்துக்காகவே முதல் துப்பாக்கியாக 20 கேஜையே சொல்கிறேன்: லேசான ¾ அவுன்ஸ் தோட்டாவும் அதில் கிடைக்கும், தேவைப்பட்டால் ஒரு அவுன்ஸும் கிடைக்கும். 28 கேஜ் இரண்டாவது துப்பாக்கியாக வரட்டும்.

ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கூட்டரசுச் சட்டம் அவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைப் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அதற்கான விலக்குகளில் ஒன்று. ஆகவே உரிமம் முதலில், கடை பிறகு. மின்னசோட்டாவில் 1979 டிசம்பர் 31க்குப் பிறகு பிறந்தவர்கள் உரிமம் பெறத் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று காட்ட வேண்டும். அந்தப் பயிற்சி வகுப்பு எந்தத் துப்பாக்கியை வாங்கினாலும் பயன்படும்.

வாங்கியபின் செய்ய வேண்டிய முதல் வேலை, காட்டுக்குப் போவதல்ல. மூன்றடி அகலமுள்ள பழுப்புக் காகிதத்தை நிறுத்தி, நடுவில் ஒரு கரும்புள்ளி வைத்து, உண்மையில் சுடப்போகும் தூரமான 20 கஜத்திலிருந்து இரண்டு வகைத் தோட்டாக்களால் தனித்தனிக் காகிதத்தில் சுட்டுப் பாருங்கள். பக்கவாட்டு இரட்டைக்குழலானால் இரண்டு குழல்களும் ஒரே இடத்தில் அடிக்கின்றனவா என்பதும் அப்போது தெரிந்துவிடும். வட்டத்தின் மையம் புள்ளியிலிருந்து ஒரு சாண் விலகியிருந்தால் சோக்கை மாற்றுவதில் பயனில்லை. கட்டையைத் தச்சரிடம் எடுத்துச் செல்லுங்கள். மையம் சரியாக இருந்து நடுவில் மட்டும் ரவை குவிந்திருந்தால், இன்னும் திறந்த சோக்கைத் திருகிப் போட்டு மறுபடி சுடுங்கள்.